ஈரல் முற்றாகப் பழுதான என் மாமாவுக்கு நாள்தோறும் அன்ரிபயோட்டிக் எழுதியிருக்கிறார்கள். அது அவருடைய எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிடாதா?

யாழ்ப்பாண நகரில் 26 வருடங்கள் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சிரோசிஸ் என்ற ஈரல் இறுக்க நோயோடு 4 வருடங்கள் வாழ்ந்த என் அத்தானுக்குக் குளிசை எடுத்துக் கொடுத்தவனும் நானே என்பதால் இதற்குப் பதில் எழுதத் துணிகிறேன். (கள்ளுக் கொட்டில் பக்கமே போகாத ஆசிரியர் அவர், சலரோகமும் ஈரலில் படிந்த கொழுப்புமே காரணம். ஊர் அதைக் கடைசிவரை நம்பவில்லை.) உங்கள் மாமாவின் எதிர்ப்புச் சக்தியை அந்தக் குளிசை கெடுக்கவில்லை. ஈரல் நோய் அதை முன்னரே கெடுத்துவிட்டதால்தான் குளிசை வந்திருக்கிறது.

குடலிலிருந்து திரும்பும் இரத்தம் வாயினாளம் வழியாக முதலில் ஈரலுக்குள் வருகிறது. அங்கே குப்பர் கலங்கள் என்னும் காவற்கலங்கள் இருந்து, குடலிலிருந்து கசிந்து வரும் பக்டீரியாக்களைப் பிடித்து விழுங்குகின்றன. உடலின் இழையங்களில் தங்கியிருக்கும் இத்தகைய விழுங்கு கலங்களில் மிகப் பெரும்பகுதி ஈரலிலேயே உள்ளது. ஈரல் தழும்பேறி இறுகியதும் இரத்தம் அதனுள் நுழைய முடியாமல் குறுக்கு வழிகளில் ஒதுங்கி ஓட, காவலுக்கு அகப்படாமலே கிருமிகள் உடலெங்கும் போய்விடுகின்றன. கிருமியை அடையாளம் காட்டும் நிரப்பிப் புரதங்களை ஆக்குவதும் ஈரல்தான், அதுவும் குறைகிறது. வீங்கிய மண்ணீரல் வெண்குழியங்களைத் தன்னுள்ளே மடக்கி வைத்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் இடையில் உடல் ஓயாமல் மெல்லிய அழற்சியிலும் கிடக்கிறது. ஆனால் உண்மையான கிருமி வரும்போது அதை எதிர்க்கத் திராணியில்லை.

இதனால் வரும் ஆபத்தை வீட்டுக்காரர் எளிதில் தவறவிடுகிறோம். காய்ச்சல் வராமலே, ஈரல் நோயில் வயிற்றுக்குள் தேங்கும் நீரில் கிருமி தொற்றலாம். இரத்தப் பரிசோதனையில் வெண்குழியங்கள் வழமையான அளவில் இருப்பதாக வந்தால், எப்போதும் குறைவாகவே இருந்த ஒருவருக்கு அது உயர்ந்த அளவாக இருக்கக்கூடும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதத்தையும் ஈரலே ஆக்குவதால், அது போதியளவு உயராமற் போகலாம்.

இங்கே என் பிழையைச் சொல்ல வேண்டும். அத்தான் ஒருநாள் வயிறு இலேசாக நோகிறது என்றார். காய்ச்சல் இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்த சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசைகளில் நான்கை, இத்தனை வருட அனுபவத்தின் துணிச்சலில், இரண்டு நாட்களுக்குக் கொடுத்தேன். நோவு குறைந்தது. மூன்றாம் நாள் காலை ஓய்வூதியப் பத்திரத்தில் தன் கையெழுத்தையே மூன்று முறை பிழையாக எழுதிவிட்டு, பேனையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கைகளை நீட்டி விரிக்கச் சொன்னேன், விரல்கள் பறவைச் சிறகுபோல் உதறின. ஈரல் நோயில் மூளை குழம்புவதன் அறிகுறி அது. ஆஸ்பத்திரி வாட்டில் ஊசி குத்தி எடுத்தபோது, வழக்கமாக வெளிறிய பிளேன்ரீ நிறத்தில் இருக்கும் வயிற்று நீர் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. அதைக் கட்டிலடியிலேயே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் போத்தலில் ஏற்றி அனுப்பினார்கள். எந்தக் கிருமியும் வளரவில்லை. நான் கொடுத்த நான்கு குளிசை அதைக் கொல்லவுமில்லை, காட்டிக்கொடுக்கவும் விடவில்லை. வைத்தியர்கள் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதை ஊகித்தே நடக்க வேண்டியதாயிற்று.

வயிற்று நீரில் ஒரு கன மில்லிமீற்றருக்கு நியூட்ரோபில் எனும் வெண்குழியம் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், வளர்ப்பின் முடிவுக்குக் காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசியைத் தொடங்குவார்கள். கூடவே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.5 கிராம் அல்புமின் என்னும் இரத்தப் புரதத்தை முதல் நாளும், 1 கிராமை மூன்றாம் நாளும் ஏற்றுவது வழமை. 1999 இல் வெளியான ஸ்பானிய ஆய்வொன்றில், அல்புமின் சேர்த்தவர்களில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டோர் 10 வீதம், சேர்க்காதவர்களில் 33 வீதம். கிருமியைக் கொல்வதோடு சிறுநீரகத்தைக் காப்பதும் பாதிச் சிகிச்சை என்பதை எனக்குப் புரியவைத்த கணக்கு அது.

இனி, உங்கள் மாமாவின் தினக் குளிசை. வயிற்று நீர்த் தொற்று ஒருமுறை வந்தவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம். 1990 இல் வெளிவந்த ஆய்வில், தினமும் 400 மில்லிகிராம் நோர்ஃப்ளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்துள் மீளத் தொற்றும் வாய்ப்பு 20 வீதமாகவும், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கு 68 வீதமாகவும் இருந்தது. ஆனால் ஈரல் நோய் முற்றியவர்கள் எல்லோருக்கும் இதைக் கொடுத்துவிட முடியாது. 2018 இல் பிரான்சில் 291 பேரிடம் நடந்த ஆய்வில் பொதுவாக ஆறு மாத உயிரிழப்பு குறையவில்லை. வயிற்று நீரில் புரதம் குறைந்தவர்களிடமே பயன் தெரிந்தது. குளிசை நீளும்போது அதற்கு அடங்காத கிருமிகள் குடலில் பெருகும், பிறகு ஊசியும் தோற்கும். ஆகவே நீங்கள் பயந்ததும் முழுவதும் தவறில்லை. அவருக்கு இது எந்தக் காரணத்துக்காக எழுதப்பட்டது, எவ்வளவு காலத்துக்கு என்று கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மயக்கம், குழப்பம் மீள வராமல் கொடுக்கும் ரிஃபாக்ஸிமின் வேறு வேலைக்கானது. அது குடலுக்குள்ளேயே தங்கி, இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்.

நோர்ஃப்ளொக்சசினைப் பால் தேத்தண்ணியோடு விழுங்கினால் அது சரியாக உறிஞ்சப்படாது, வாயுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தும் அப்படியே தடுக்கும். எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணியோடுதான் எல்லாக் குளிசையும் இறங்கும் என்பதால் இதை மாற்றுவதற்கு அக்காவோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். இந்தக் குளிசை எடுக்கும்போது குதிநரம்பு நோகத் தொடங்கினால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நோவுக்கு டைக்ளோபினாக் கூடாது. ஜென்டமைசின் ஊசி ஈரல் நோயாளியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், புதிய இடத்தில் மருந்து எடுக்கும்போது நோயை முதலில் சொல்லிவிடுங்கள்.

கரையோர ஊரவர்கள் என்பதால் இன்னொன்று. வெப்பமான கடல் நீரிலும் களப்பிலும் விப்ரியோ வல்னிஃபிக்கஸ் எனும் பக்டீரியா வாழும். நலமுள்ளவருக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஈரல் கெட்டவருக்கு நண்டு கீறிய காயத்தால் அல்லது அரைவேக்காட்டுச் சிப்பியால் இரத்தத்தில் ஏறி, ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. பாசையூர்ச் சந்தையில் வாங்கிய நண்டை மாமா துப்புரவாக்க வேண்டாம். நன்றாக அவித்ததைச் சாப்பிடட்டும்.

அத்தானின் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், எடுத்த ஒவ்வொரு அன்ரிபயோட்டிக்கின் பெயரையும் தொடங்கிய, நிறுத்திய திகதிகளையும் சிவப்பு மையால் எழுதி வைத்தேன், என் நான்கு குளிசை உட்பட. கடந்த மூன்று மாதத்தில் என்ன எடுத்தார் என்பதுதான் நள்ளிரவில் வாட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி. எந்த ஊசியைத் தொடங்குவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.