அக்பர் புக்தியைப் பலூச் மக்கள் ஏன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: நவாப் அக்பர் கான் புக்தி ஒரு காலத்தில் பாகிஸ்தான் அரசில் அமைச்சர், பிறகு பலூசிஸ்தானின் ஆளுநர், முதலமைச்சர். அப்படிப்பட்டவர் எப்படி அதே அரசை எதிர்க்கும் பலூச் போராட்டத்தின் முகமானார்?

என்னைக் கேட்டால், அவர் வாழ்ந்ததைவிட அவரைக் கொன்ற விதம்தான் காரணம். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை புரியும்.

மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் எனக்குப் பலூச் நண்பர்கள் உண்டு. ஓமானில் பலூச்சிகள் நிறையப் பேர். குவாதர் துறைமுகமே 1958 வரை ஓமான் சுல்தானிடம்தான் இருந்தது. அந்த நண்பர்களில் ஒருவருடைய போனில் புக்தியின் படம் இருக்கும்: வெள்ளைத் தாடி, பெரிய தலைப்பாகை. அவர் புக்தி இனமாக இருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். சிரித்தார். "நான் மக்ரான் கடற்கரைக்காரன் பாய், எங்க ஊர்ல சர்தாரே கிடையாது" என்றார். சர்தார் என்றால் இனக்குழுத் தலைவர். சர்தார் ஆட்சியின் வாசனையே இல்லாத ஊரில் பிறந்தவர், கிழக்கே எங்கோ மலைநாட்டில் இருந்த ஒரு சர்தாரின் படத்தை ஏன் வைத்திருக்கிறார்? அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

(பலூசிஸ்தான் என்றதும் நமக்கு பிராகுயி நினைவுக்கு வரும், நம் திராவிட உறவு மொழி. அது கலாத் பக்கம் பேசுவது. புக்திகள் பேசுவது பலூச்சி.)

புக்தி பிறந்தது 1927இல். சிறு வயதிலேயே தலைவர் பட்டம் வந்தது, படிப்பு லாகூரின் எய்ச்சிசன் கல்லூரியில். அவருடைய மண்ணில் இருக்கும் சூயி என்ற இடத்தில் 1952இல் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1955இல் குழாய் வழியாக கராச்சிக்குப் போக ஆரம்பித்தது, பிறகு பஞ்சாபுக்கும் போனது. மாகாணத் தலைநகரான குவெட்டாவுக்கு அந்த வாயு போய்ச் சேர 1980கள் ஆனது. சூயியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் விறகு பொறுக்கித்தான் சமைத்தார்கள். பலூச்சிகளின் கோபத்துக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை என்பேன்.

ஆனால் புக்தி எப்போதும் அந்தக் கோபத்தின் பக்கம் நின்றவர் இல்லை. 1973 பிப்ரவரியில் பிரதமர் சுல்பிகார் அலி பூட்டோ, அதாவுல்லா மெங்கல் தலைமையில் பலூசிஸ்தானில் நடந்த மாகாண அரசைக் கலைத்தார். மெங்கலும் மர்ரி இனத் தலைவர் கைர் பக்ஷ் மர்ரியும் சிறைக்குப் போனார்கள். பூட்டோ ஆளுநராக நியமித்தது யாரை? இதே புக்தியைத்தான். ராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அவர் அந்த நாற்காலியில் இருந்தார். ஓராண்டு முடிவதற்குள் விலகிவிட்டார், உண்மைதான். ஆனாலும் பல பலூச்சிகள் அதை நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

சொந்த இனத்துக்குள்ளும் அவர் கை கடுமையானது. வாயு கிணறுகள் இருக்கும் நிலம் பெரும்பாலும் கல்பர் என்ற உட்பிரிவினருடையது. 1992இல் அவருடைய மகன் சலால் கொல்லப்பட்டார். பழி கல்பர்கள் மீது விழுந்தது. அவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எரிவாயு நிறுவனம் நிலத்துக்காகக் கொடுத்த பணம் மக்களுக்குப் போகாமல் நவாபிடமே தங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அரசு இதை ஊதிப் பெரிதாக்கியது என்றாலும் முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, அப்புறம் என்ன மாறியது? 2005 ஜனவரியில் சூயி எரிவாயு ஆலையின் மருத்துவமனையில் வேலை பார்த்த பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டவர் ராணுவ கேப்டன். விசாரணை நடக்கும்போதே, அவர் நிரபராதி என்று அதிபர் முஷாரப் வெளிப்படையாகப் பேசினார். அந்த மருத்துவர் பலூச்சி அல்ல, வெளியூர்க்காரர். ஆனால் தன் மண்ணில் வேலைக்கு வந்த பெண்ணுக்கு நடந்ததைப் புக்தி தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் எரிவாயு ஆலையைத் தாக்கினார்கள். அப்போது முஷாரப் தொலைக்காட்சியில் விடுத்த மிரட்டலை பலூச்சிகள் இன்றும் மறக்கவில்லை: இது எழுபதுகள் அல்ல, இந்த முறை உங்களைத் தாக்கியது எது என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

மார்ச் 17 அன்று புக்தியின் ஊரான டேரா புக்தி மீது ராணுவத்தின் குண்டுகள் விழுந்தன. நவாபின் கோட்டையை ஒட்டியிருந்த தெருவில் தலைமுறைகளாக இந்துக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. இறந்தவர்களில் அவர்கள் பலர். அதற்குப் பிறகு ஆளுங்கட்சித் தலைவர்கள் சிலர் வந்து பேசினார்கள். எரிவாயுவில் பங்கு, உள்ளூர் ஆட்களுக்கு வேலை, புதிய ராணுவ முகாம்கள் வேண்டாம் என்பவைதான் பேச்சில் வந்தவை. தனிநாடு கேட்கவில்லை. அந்தப் பேச்சைக் கடைசிவரை கொண்டுபோயிருந்தால் இன்றைய கதையே வேறு. 2005 டிசம்பரில் முஷாரப் பக்கத்து மாவட்டமான கோலுவுக்கு வந்தபோது பலூச் ஆயுதக் குழுவின் ராக்கெட்டுகள் பாய்ந்தன, முழு அளவில் ராணுவம் இறங்கியது. எழுபத்தெட்டு வயதில் புக்தி ஊரை விட்டு மலைக்குப் போனார்.

2006 ஆகஸ்ட் 26இல் கோலு மாவட்ட மலைக்குகை ஒன்றில் இறந்தார். குகை இடிந்து விழுந்தது என்றது அரசு. ராணுவம் கொன்றது என்பதில் பலூச்சிகளுக்குச் சந்தேகமே இல்லை. அதன் பிறகு நடந்தது அதைவிட மோசம். உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. குவெட்டாவில் அடக்கம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். செப்டம்பர் 1 அன்று, பூட்டுப் போட்ட பெட்டியில், பிள்ளைகள் யாரும் இல்லாமல், டேரா புக்தியில் புதைத்தார்கள். முகத்தைக்கூடக் காட்டாமல் பூட்டிய அந்தப் பெட்டிதான் அவரை எல்லா பலூச்சிகளுக்கும் சொந்தமாக்கியது. மக்ரான் மீனவனும் கலாத் ஆடு மேய்ப்பவனும், நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று நினைத்திருப்பார்கள். அதே மாதம் கலாத் கான் (பழைய கலாத் அரச வம்சத்தின் தலைவர்) கூட்டிய ஜிர்காவுக்கு, அதாவது இனத் தலைவர்கள் சபைக்கு, பல காலம் முகம் பார்த்துக்கொள்ளாத சர்தார்களெல்லாம் வந்தார்கள். மகன் ஜமீல் தொடுத்த கொலை வழக்கில் முஷாரப் 2016இல் விடுதலையானார்.

புக்தி இறந்த நாளைச் சுற்றி நடப்பது எல்லாமே போற்றத்தக்கது இல்லை. 2024 ஆகஸ்ட் 26, அவருடைய நினைவு நாள். ஆயுதக் குழுவினர் முசாகேல் மாவட்டத்தில் வண்டிகளை நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, பயணிகளையும் ஓட்டுநர்களையும் இறக்கி 23 பேரைச் சுட்டார்கள். பெரும்பாலானோர் பிழைப்புக்காக வந்த பஞ்சாபிகள். எந்த நியாயத்தைச் சொன்னாலும் இது கொலைதான்.

இன்னொரு பக்கம், துப்பாக்கி எடுக்காதவர்கள், காணாமல்போன தங்கள் உறவினர்களைக் கேட்டு நடந்துகொண்டே இருக்கிறார்கள். காணாமல்போன மகன் பிணமாகக் கிடைத்த பிறகு, மற்றவர்களின் பிள்ளைகளுக்காக மாமா கதீர் என்ற முதியவர் 2013இல் குவெட்டாவிலிருந்து கராச்சி வழியாக இஸ்லாமாபாத்துக்கு நடக்கக் கிளம்பினார். பத்தாண்டு கழித்து மக்ரானின் துர்பத்திலிருந்து பெண்கள் கிளம்பினார்கள். முன்னால் நின்றவர் மஹ்ரங் பலூச், ஒரு மருத்துவர். காணாமல்போன தந்தையின் உடல் 2011இல் கிடைத்தபோது அவர் பதின்ம வயதைத் தாண்டியிருக்கவில்லை. சர்தார் குடும்பத்துப் பெண் இல்லை. 2025 மார்ச்சில் அவரையும் கைது செய்தார்கள்.