ஒரு நாட்டுத் தலைவரின் இறுதிச் சடங்குக்கு வெளிநாட்டிலிருந்து யார் வருவது, எங்கே உட்காருவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

சடங்கை நடத்தும் நாட்டின் வெளியுறவு அமைச்சகத்தில் இருக்கும் புரோட்டோகால் பிரிவு, அதாவது அரசு விருந்தினர்களுக்கான மரபு முறைகளைக் கவனிக்கும் பிரிவு. ஆனால் பாதியைத் தீர்மானிப்பது மரணத்துக்கும் சடங்குக்கும் நடுவே கிடைக்கும் நாட்கள்தான். நேரு 1964 மே 27 அன்று மறைந்தார், மறுநாளே தகனம். உடனே விமானம் ஏற முடிந்தவர்களே வர முடிந்தது. யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோவுக்கு 1980இல் நான்கு நாள் இடைவெளி. அவர் ஜனவரியிலிருந்தே மருத்துவமனையில் இருந்ததால் எல்லா நாடுகளும் எதிர்பார்த்திருந்த மரணம் அது. 120க்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் தலைநகர் பெல்கிரேடில் கூடினார்கள்.

முதல் வேலை, தூதரகங்களுக்குக் குறிப்பு அனுப்புவது. நாள், இடம், ஒரு நாட்டுக்கு எத்தனை பேர், பெயர் தரக் கடைசி நேரம் எல்லாம் அதில் இருக்கும். 2022இல் எலிசபெத் ராணியின் சடங்குக்கு நாட்டின் தலைவரும் உடன் ஒருவரும் மட்டும். எந்த நாட்டை அழைப்பது என்பது நடத்துபவர் உரிமை: ரஷ்யா, பெலாரஸ், மியான்மருக்கு அழைப்பே போகவில்லை, வடகொரியாவுக்குத் தூதர் அளவில்தான் போனது.

இருக்கை விஷயத்தில் பலரும் குழம்புவது இங்கேதான். நாட்டின் பலம் கணக்கில் வராது, பதவிதான் கணக்கு. பொதுவாக மன்னர்களும் குடியரசுத் தலைவர்களும் முன்னால், அடுத்து பிரதமர்கள், பிறகு வெளியுறவு அமைச்சர்கள், சிறப்புத் தூதர்கள். ஒரு குட்டித் தீவின் ஜனாதிபதி பெரிய நாட்டின் பிரதமருக்கு முன்னால் உட்காருவார். ஒரே பதவியில் இருப்பவர்களைப் பதவியேற்ற தேதிப்படியோ அகரவரிசையிலோ வைப்பார்கள், வத்திக்கானில் நாட்டின் பிரெஞ்சுப் பெயர்தான் வரிசைக்கு அடிப்படை. எந்த விதியானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், எலிசபெத் ராணியின் சடங்கில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பைடனுக்கு 14வது வரிசை கிடைத்ததைப் போன்றவை பெரிய சண்டையாகாமல் போகும்.

அதிகம் சிக்குவது வாகனங்களில். நூறு நாடுகள், ஆளுக்கு ஐந்து கார் என்றால் ஒரே வாசலில் 500 கார். லண்டனில் பெரும்பாலான தலைவர்களைச் செல்சியில் ஓரிடத்தில் கூட்டிப் பேருந்தில் அழைத்துப் போனது இதனால்தான். பைடன் போன்ற சிலருக்குப் பாதுகாப்புக் காரணத்தால் சொந்தக் காருக்கு அனுமதி. சிறப்பு விமானங்களும் இதே தலைவலிதான்: நிறுத்த இடம் போதாவிட்டால் தலைவரை இறக்கிவிட்டு வேறு விமான நிலையத்துக்குப் போய் நின்று, திரும்பி வர நேரம் வாங்க வேண்டும்.

கடைசி நேரத்தில் ஜனாதிபதிக்குப் பதில் அமைச்சர் வந்தால் ஒரு சீட்டு மட்டும் மாறாது, அந்த வரிசையே நகரும். அதனால் இருக்கைப் பட்டியலைச் சடங்குக்கு முந்தைய இரவு வரை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று, சந்திப்புகளுக்கான அறைகளும் நேரமும். வந்தவர்கள் இறந்தவரின் வாரிசு அரசோடு பேசாமல் போக விரும்ப மாட்டார்கள். ஜப்பானின் முன்னாள் பிரதமர் அபேயின் சடங்கின்போது, அப்போதைய பிரதமர் கிஷிடா மூன்று நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தார். மொழிபெயர்ப்போடு ஒருவருக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் 30 பேருக்கு ஏழரை மணி நேரம். இதைச் சடங்கு நாளிலேயே திணித்தால் ஊர்வலம் தாமதமாகும்.