வளையம் ஒரே திசையில் சுழல்வது எப்படி?

கேள்வி: ஒரு மூலக்கூறு இன்னொன்றைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் விருந்தோம்பி–விருந்தினர் வேதியியலைக் கொண்டு சுழல் மோட்டார் செய்கிறார்களாமே? பிடித்து வைத்தால் இயக்கம் நின்றுதானே போகும்?
– முதுகலை வேதியியல் மாணவி ஒருவர்

பதில்: நல்ல கேள்வி. பிடிப்பு மட்டும் சுழற்சியைத் தராது என்பது உண்மையே. ஆனால் மூலக்கூறு அளவில் அசைவுக்குப் பஞ்சமில்லை. வெப்பமே எல்லாவற்றையும் ஓயாமல் உலுக்கிக்கொண்டிருக்கிறது. இத்தகைய மோட்டாரில் சுழல்வது, இன்னொரு வளையத்தில் கோத்த ஒரு சிறு மூலக்கூறு வளையம். சமநிலையில் அது இருபுறமும் சம வாய்ப்புடன் நகர்வதால் நிகரச் சுழற்சி சுழியாகிவிடுகிறது. ஆகவே வடிவமைப்பாளர் தேட வேண்டியது திசையைத்தான்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் லீ குழுவினர் 2016-இல் வெளியிட்ட கேட்டனேன் மோட்டாரைப் பாருங்கள். சங்கிலிக் கண்ணிகளைப் போலக் கோத்துக்கொண்ட இரு வளையங்களில், சிறியது பெரியதன்மேல் ஊர்கிறது. பெரிய வளையத்தில் உள்ள இரண்டு ஃபியூமரமைடு நிலையங்கள் சிறிய வளையத்தை ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஈர்த்து நிறுத்துகின்றன. ஒவ்வொரு நிலையத்தின் ஒரே பக்கத்தில், நெருக்கமாக, ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. எஃப்மாக் குளோரைடு என்னும் எரிபொருள் இத்தொகுதிகளில் பருமனான தடையைப் பொருத்திப் பாதையை அடைக்கிறது. வளையம் அருகில் நின்றால் அந்தத் தொகுதியில் தடை மெதுவாகவும், தொலைவில் உள்ளதில் விரைவாகவும் ஏறும். இப்படி ஒரு பக்கம் அடைபட, வளையம் மறுபக்கமாக மட்டுமே அடுத்த நிலையத்தை எட்டுகிறது. கரைசலிலுள்ள காரமோ, வளையம் எங்கே நின்றாலும் பொருட்படுத்தாமல் தடைகளை நீக்கிவிடுகிறது. எரிபொருள் தீரும்வரை இது தானாகவே தொடர்கிறது. டைபென்சோஃபல்வீனும் கார்பன் டை ஆக்சைடும் கழிவாகச் சேர்கின்றன.

ஆக, பிடிப்பின் பணி வளையத்தைத் தள்ளுவதன்று. அது எங்கே நிற்கிறது என்பதை வினையின் வேகத்துக்கு உணர்த்துவதே. என் பார்வையில் இவ்வடிவமைப்பின் நுட்பம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. அதே குழு 2003-இல் காட்டிய முந்தைய மோட்டாரில், ஒளி முதலிய தூண்டல்களை ஒவ்வொன்றாக வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு சிறு வளையங்கள் ஒன்றுக்கொன்று வழிமறித்துத் திசையைக் காத்தன.

நீங்களே வடிவமைக்க முனைந்தால் பிணைப்பின் வலிமையில் கவனம் வையுங்கள். அது மிகுந்தால் வளையம் நிலையத்தை விட்டு எளிதில் கிளம்பாது. குறைந்தாலோ, வளையம் பாதையெங்கும் அலைந்து, அருகு எது, தொலைவு எது என்ற வேறுபாடே வினைக்குப் புலப்படாமல் போய்விடும்.