ஐயாயிரம் ரூபா தாளை ‘பிரேக்’ பண்ணச் சொன்னால்...

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் ஐயாயிரம் ரூபா தாளை நீட்டி, ‘கேன் யூ பிரேக் திஸ்?’ என்று கேட்டார். பிரேக் என்றால் உடைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். தாளை எப்படி உடைப்பது என்று முழித்துக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்பவர் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். அன்றே ஒரு புத்தகம் வாங்கி, பிரேக் டவுன், பிரேக் இன், பிரேக் அவுட் என்று கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறேன். காலையில் படிப்பது பின்னேரம் குழம்பிப் போகிறது. அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இதெல்லாம் வருமா?
— ஒரு வாசகி, நானுஓயா

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கொப்பியை மூடி வையுங்கள். பட்டியல் போட்டுப் படித்தால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும். ஒக்ஸ்போர்டின் பெரிய அகராதியில் ‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 அர்த்தம் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவரும் அதை எண்ணிப் படித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கவில்லை.

உங்களைப் பார்த்துச் சிரித்தவர் தோட்டத்துப் பக்கம் வளராதவராக இருந்தால், ‘அரைப்பேர் போட்டாங்க’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். அவர் முழிப்பார். கொழுந்து குறைந்த நாளில் அரை நாள் சம்பளம்தான் பதிந்தார்கள் என்பது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், பேர் போடுகிறோம். ‘போடு’ என்பதற்கு இத்தனை அர்த்தம் என்று யாராவது நமக்குப் பட்டியல் கொடுத்தார்களா? இல்லை. பக்கத்தில் வரும் சொல்லோடு சேர்த்தே காதில் விழுந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். பிரேக்கைத் தனியாகப் படிக்காமல், எதை பிரேக் பண்ணுகிறார்கள் என்று பாருங்கள்.

இதற்கு உங்கள் அப்பாவையே முதல் வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம். வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டு உருட்டினால், இலை முறுக்கி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அதை உதிர்த்துச் சலிக்கிற மெஷினுக்குப் பெயர் ரோல் பிரேக்கர். கீழே விழுகிற தூளைப் புளிக்கப் போட எடுத்துக்கொண்டு, மிஞ்சிய பெரிய இலையை மறுபடி ரோலருக்கு அனுப்புவார்கள். ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற, ஆங்கிலத்தில் பேசுகிற டீமேக்கரும் அந்தத் தூளை ‘தூள்’ என்றுதான் சொல்லுவார், அது வேறு கதை. கடைசியில் பி.ஓ.பி. என்று எழுதிய மூட்டை ஸ்டோரை விட்டு வெளியே போகிறதே, அதில் முதல் எழுத்து ‘புரோக்கன்’. புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. உடைந்த இலை, ஆனால் கெட்ட இலை இல்லை. சாயம் சீக்கிரம் இறங்க வேண்டும் என்றே சின்னதாக்கிய இலை.

பெரியதைச் சிறியதாக்குவதற்கு பிரேக் என்கிறார்கள் என்று இதிலேயே தெரிகிறது. அந்த வெள்ளைக்காரர் கேட்டதும் அதைத்தான்: ஒரு பெரிய தாளுக்குப் பல சின்னத் தாள். இனி யாராவது அப்படிக் கேட்டால், லாச்சியில் சில்லறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘ஆயிரங்களாகவா, ஐந்நூறுகளாகவா’ என்று திருப்பிக் கேளுங்கள். அறையைக் காலி பண்ணுகிற நேரத்தில் ஒருவர் பில்லுக்கு ‘பிரேக் டவுன்’ வேண்டும் என்பார். வாகனம் நடுரோட்டில் நின்றுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று மொத்தத்தைப் பிரித்துக் காட்டச் சொல்கிறார்.

அப்புறம், ஓடிக்கொண்டிருப்பது இடையில் அறுபடுவதும் பிரேக்தான். டீ பிரேக் என்றால் வேலை கொஞ்ச நேரம் நிற்கிறது. நீங்கள் தினமும் சொல்கிற பிரேக்ஃபாஸ்ட்டில் ஒளிந்திருப்பதும் இதுதான். ஃபாஸ்ட் என்றால் விரதம், ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததைக் காலையில் முடிக்கிறோம். நம் முஸ்லிம் சகோதரர்கள் நோன்பு ‘திறக்கிறது’ என்பார்கள், ஆங்கிலத்தில் அதற்கும் பிரேக். மௌனத்தை நாம் கலைக்கிறோம், சட்டத்தை மீறுகிறோம், வாக்குத் தவறுகிறோம், சாதனையை முறியடிக்கிறோம். நம்மிடம் ஆளுக்கொரு வினைச்சொல் இருக்கிறது. அவர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் ‘உடை’ என்று ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஓடினால் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறோம்.

உங்கள் வேலையில் அடிக்கடி மாட்டிவிடக்கூடியது ‘புரோக்கன்’. நுவரெலியாக் குளிரில் ராத்திரி போன் அடித்து, ‘த ஹீட்டர் இஸ் புரோக்கன்’ என்பார்கள். உடனே ஹீட்டரை யாரோ போட்டு உடைத்துவிட்டதாக நினைத்து நஷ்டக் கணக்கு எழுதப் போகாதீர்கள். வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். பிளக்கைச் சரியாகக் குத்தினாலே சரியாகிவிடலாம். இதோடு ‘புரோக்’ என்பதையும் கலக்காமல் பாருங்கள். ‘ஐ ஆம் புரோக்’ என்றால் கையில் காசில்லை. ‘புரோக்கன்’ என்று ‘ன்’ சேர்த்துச் சொன்னால் மனசு நொறுங்கிப் போனது போல ஆகிவிடும். சம்பளத்துக்கு முந்தின வாரம் நமக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும், முதலாளியிடம் முதலாவதைச் சொல்லுவதுதான் நல்லது.

கிரிக்கெட் பார்ப்பீர்களா? கண்டியில் பிறந்த முரளிதரன் டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்தவர், ஓஃப் பிரேக் பந்துவீச்சாளர். அங்கே எதுவும் உடைவதில்லை. பந்து தரையில் பட்டதும், வந்த வழியை விட்டு வலது கை ஆட்டக்காரரின் ஓஃப் பக்கத்திலிருந்து உள்ளே திரும்புகிறதே, அந்தத் திருப்பத்துக்குத்தான் பிரேக் என்று பெயர். ஒரு ஓவர் பார்த்தால் விளங்கிவிடும், அகராதியில் பத்து வரி படித்தாலும் விளங்காது.

டவுன், இன், அவுட் என்று ஒட்டிக்கொள்கிற வால்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், கேட்கக் கேட்க வரும். உங்களுக்குத் தேவைப்படுகிறதை மட்டும் சொல்கிறேன். சிவனொளிபாதமலை ஏற வந்தவர் புது சப்பாத்தைக் காட்டி ‘பிரேக் இன்’ பண்ணுகிறேன் என்றால், போட்டு நடந்து காலுக்குப் பழக்குகிறார். அதையே அறை ஜன்னலைக் காட்டிச் சொன்னால் திருடன் புகுந்திருக்கிறான், உடனே மேனேஜரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலோ நெருப்போ திடீரென்று கிளம்பினால் ‘பிரேக் அவுட்’. காதலர்கள் பிரிந்தால் ‘பிரேக் அப்’, இது உங்கள் வயதுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேடை ஏறப்போகிறவரிடம் ‘பிரேக் எ லெக்’ என்று யாராவது சொன்னால் அது சாபம் இல்லை, நன்றாகச் செய் என்ற வாழ்த்து.

இனி ஒரு நாளைக்கு ஒன்று போதும். விருந்தாளி வாயிலிருந்து வந்த முழு வசனத்தையும், அவர் எதைக் காட்டிச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விளங்காவிட்டால் ‘சொரி சார், யூ மீன்...’ என்று ஆரம்பித்து, கையால் காட்டிக் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக எந்த விருந்தாளியும் கோபித்துக்கொண்டு போக மாட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்தீர்களே, வீட்டில் ஒரு தமிழ், ஸ்டோரில் ஒரு தமிழ், பஸ்ஸில் சிங்களம் என்று புழங்குகிற உங்களுக்கு நாலாவதாக ஒன்று வராமல் போகாது.

இன்னொன்று. ரம்பொடை இறக்கத்தில் டிரைவர் மிதிக்கிற பிரேக்கும் காதுக்கு இதே சத்தம்தான், ஆனால் எழுத்து வேறு. மிதிக்கிற பிரேக்குக்கு பீ, ஆர், ஏ, கே, ஈ. மற்றதில் ஈயும் ஏயும் நடுவில் வரும். ஹோட்டல் வேனுக்கு பிரேக் பார்க்க வேண்டும் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதப்போய், வேனுக்கு லீவு கொடுத்துவிடாதீர்கள்.