காந்த, மின்சாரச் சோதனைகளுக்கான பொருள்கள் எங்கே கிடைக்கும்?

பத்து வயது மகளுடன் காந்தம், மின்சாரம் பற்றிய சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும், பெட்டியில் வரும் கிட் வாங்கலாமா, பொருள்களைத் தனித்தனியாகத் திரட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் மூன்று வயதுத் தம்பியும் இருக்கிறான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

தனித்தனியாகவே திரட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளுடன் பல ஆண்டுகளாக இவற்றைச் செய்துவருகிறேன். நான் வாங்கிய கிட் எல்லாவற்றிலும் கம்பி போதவில்லை. ஒருமுறை சுற்றி அவிழ்த்தால் முறுக்கேறிப் பாழாகிவிடும். பிள்ளைகளுக்கோ மின்காந்தம் செய்ய ஒரே ஆணியில் பத்து விதமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதலில் கம்பி. பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் வேண்டாம். எனாமல் பூசிய செம்புக் கம்பிதான் வேண்டும். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டித் தரும் வைண்டிங் கடையில் கேளுங்கள், எடை போட்டுக் கொடுப்பார்கள். 0.4 மி.மீ. தடிமனில் கால் கிலோ வாங்கினால் 200 மீட்டருக்கு மேல் வரும். நீண்ட நாள் கவலையில்லை.

இந்தக் கம்பியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாணவன் போல்ட் ஒன்றில் நூறு சுற்றுகளை நூல் பிடித்ததுபோல் சுற்றி, செல்லில் இணைத்துவிட்டு, குண்டூசிகளின்மேல் பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியின் நுனி செம்பு நிறத்தில் பளபளத்ததால் அது வெறும் செம்பு என்று நினைத்துவிட்டான். அந்தப் பளபளப்பே எனாமல்தான். அது மின்சாரத்தைக் கடத்தாது. உப்புத்தாளை மடித்து, நடுவில் நுனியை வைத்து நாலைந்து முறை இழுத்தான். செம்பழுப்பு போய் இளஞ்சிவப்பான உலோகம் தெரிந்தது. மறுபடி இணைத்தபோது குண்டூசிகள் கொத்தாக ஏறி ஒட்டிக்கொண்டன. அவன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு நுனிகளையும் சுற்றளவு முழுக்கச் சுரண்ட வேண்டும்.

செல்லுக்குச் சாதாரண 1.5 வோல்ட் டார்ச் செல்லே போதும். சுற்றுகள் குறைந்தால் கம்பியின் மின்தடை குறைந்து, செல்லும் கம்பியும் சுடத் தொடங்கும். 150, 200 சுற்றுகள் இருக்கட்டும், இணைப்பும் சில நொடிகளுக்கு மட்டும் இருக்கட்டும். செல்போன் பேட்டரி போன்ற லித்தியம் வகையை இதில் கொண்டுவரவே கூடாது. நேரடியாக இணைந்தால் தீப்பிடிக்கலாம். சுவர் பிளக்கும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் வைக்கும் இரும்பை ஒரு காந்தத்தால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். பளபளக்கும் எவர்சில்வர் திருகாணிகள் பலவற்றில் காந்தம் சரியாக ஒட்டாது.

காந்தத்துக்குப் பழுதான பொருள்களே சுரங்கம். பழைய ஒலிபெருக்கியின் முதுகில் கறுப்பு வளையமாக ஃபெரைட் காந்தம் இருக்கும். இதைவிடப் பலமானது வேண்டுமென்றால், கணினி பழுது பார்க்கும் இடத்தில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி வேண்டாம், அதற்குள் காந்தம் இருக்காது. ஆறு முனை நட்சத்திரத் திருப்புளியால் (டார்க்ஸ்) திறந்தால், பிறைபோல் வளைந்த நியோடிமியம் காந்தங்கள் இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். அவற்றின் ஒரே முகத்தில் பாதி வடதுருவம், பாதி தென்துருவம். துருவங்களைக் கற்றுக்கொடுக்க இதை எடுத்தால் பிள்ளை குழம்பிப்போவாள்; அதற்கு நீண்ட சட்டக் காந்தமே நல்லது. மைக்ரோவேவ் அடுப்பிலும் நல்ல காந்தங்கள் உண்டு, ஆனால் தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் சின்னவன் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிறிய நியோடிமியம் காந்தங்கள் எதையும் அவன் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால், குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, குடலையே துளைத்துவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

திசைகாட்டிகள் மட்டும் மலிவானவையாக நாலைந்து வாங்குங்கள். 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஆர்ஸ்டெட் கண்டதை மகளும் காணலாம்: முள்ளுக்கு நேர்மேலே, அதே திசையில் கம்பியைப் பிடித்து, செல்லைத் தொட்டதும் முள் விலகும். செல்லைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் விலகும். திசைகாட்டியையும் ஹார்ட் டிஸ்க் காந்தத்தையும் நான் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வகுப்பில் சிவப்பு முனை தெற்கைக் காட்டியது. முள்ளின் காந்தமே தலைகீழாக மாறிவிட்டிருந்தது. வேறு வேறு அறையில் வையுங்கள்.

இன்னும் ஒன்று: ஏசி பழுது பார்ப்பவரிடம் அரை மீட்டர் செம்புக் குழாய்த் துண்டு கேளுங்கள். அதற்குள் உரசாமல் போகும் அளவில் ஒரு நியோடிமியம் காந்தம் வேண்டும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து முதலில் அதே அளவு இரும்புத் துண்டைப் போடச் சொல்லுங்கள், பிறகு காந்தத்தை. செம்பில் காந்தம் ஒட்டாது என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருக்கும். இரும்பு சட்டென்று விழும். காந்தமோ யாரோ உள்ளே பிடித்து இறக்குவதுபோல் நிதானமாக வரும். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள், அவள் குழாய்க்குள் எட்டிப் பார்க்கட்டும்.