ஆனைமேல் துஞ்சியவனின் நண்பன்

ஐயா, 1054இல் சாளுக்கியரோடு நடந்த கொப்பம் போரில் சோழ மன்னன் ராஜாதிராஜன் யானைமேலேயே மாண்டபோது, சிதறிய படையைத் தம்பி ராஜேந்திரன் திருப்பி வென்றான். 949இல் ராஷ்டிரகூடரோடு நடந்த தக்கோலம் போரில் யானைமேல் இருந்த ராஜாதித்தன் விழுந்ததும் சோழப்படை ஏன் அப்படி நிற்கவில்லை? ஓடியவர்களைக் கோழைகள் என்றுதானே சொல்ல வேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

ராஜாதித்தன் அப்போது இளவரசன்தான், தந்தை பராந்தகன் உயிரோடு இருந்தான். கொப்பத்தோடு ஒப்பிடுவதெல்லாம் இருக்கட்டும். 'கோழைகள்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! புழுதிக்குள் நிற்கும் காலாளுக்குத் தெரிவதெல்லாம் தூரத்தில் யானைமேல் அசையும் குடை ஒன்றுதான். அது நிற்கும்வரை அவன் ஒரு படை, சாய்ந்துவிட்டால் அவன் தனி ஆள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிற ஆள். ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் அந்த யானைமேல் இருந்தவனைத்தான் குறிவைத்தான், அதன் பலன் அவனுக்குத் தெரிந்திருந்தது.

சரி, ஓடாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் போரிலேயே இல்லை. ராஜாதித்தனுக்கு உயிர்நண்பராக இருந்த கேரளத்துக்காரர். நண்பனோடு சேர்ந்து சாக முடியாமல் போனதே என்ற துயரத்தில் கங்கையில் நீராடி, திருவொற்றியூரில் துறவியாகி, சதுரானன பண்டிதர் ஆனார். கிராமம் என்ற ஊரில் 943இல் சிவனுக்குக் கற்றளி, அதாவது கற்கோயில், எடுத்த சேனாபதி வெள்ளங்குமரன்தான் இவர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

முதல்முறை இதைப் படித்த வருடம் என் நெருங்கிய நண்பன் இறந்திருந்தான். நான் வெளியூரில் இருந்தேன், வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். 'நீ இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாய்' என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆனால் அங்கே இருந்திருப்பேன் அல்லவா? அந்தச் சேனாபதிக்கும் அதுதான் ஆறவில்லை என்று நினைக்கிறேன். தோல்வியை அவர் தாங்கியிருப்பார். ஆகவே தயவுசெய்து, பின்வாங்கிய படையைப் பற்றிப் பேசும்போது திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு எத்தனை இரவு தூங்கினான் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். வீரம், கோழைத்தனம் என்ற இரண்டே பெட்டிகளில் மனிதர்களை அடைக்காதீர்கள்.

திருவொற்றியூர் போனால் அந்த நண்பரின் கதையைச் சொல்லும் கல்வெட்டை விசாரியுங்கள். வடமொழியில் இருக்கிறது. போர் முடிந்து ஏறத்தாழ பத்து வருடம் கழித்து வெட்டியது, அதற்குள் திருவொற்றியூர் இருக்கும் தொண்டைமண்டலமே ராஷ்டிரகூடர் கைக்கு மாறிவிட்டது. அதனால் ராஜாதித்தனைக் கொன்ற படையின் தலைவன், ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டு என்றுதான் அதில் காலம் குறித்திருக்கிறது.