பழைய டொஸ் மூலநிரல் பாதி வழியில் நிற்பது ஏன்?

கேள்வி: வணக்கம் அண்ணா. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பணிசெயல் முறைமை பாடத்தை வெறும் வரைவிலக்கணமாகச் சொல்லிப் போக மனமில்லை. மைக்ரோசொப்ட் வெளியிட்ட, எம்எஸ்-டொஸ் 4.00 என்ற பழைய பணிசெயல் முறைமையின் மூலநிரலை (நிரலாளர்கள் எழுதிய வடிவம்) பிள்ளைகளுக்கு முன்னால் தொகுத்து, அதாவது ஓடும் நிரலாக மாற்றி, அதிலிருந்தே ஒரு கணினியைத் தொடக்கிக் காட்ட ஆசை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து சிப் கோப்பாக இறக்கினேன். மடிக்கணினியில் 64 பிட் விண்டோஸ் 10 இருக்கிறது. அதில் எதுவும் ஓடவில்லை. பழைய டொஸ் கணினியைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸுக்குள் போட்டால் தொடங்குகிறது, ஆனால் மாப்பர் என்ற கோப்புறையில் பிழை காட்டி நிற்கிறது. மடிக்கணினி போதாதா? இதைப் பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பது சட்டப்படி சரியா?

பதில்: ரீச்சர், உங்கள் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. 8088 என்ற பழைய செயலிக்காக எழுதிய நிரலைத் தொகுக்க எந்த மடிக்கணினியும் தாராளம். பழுது நீங்கள் இறக்கிய கோப்புகளுக்குள் இருக்கிறது. நீங்கள் இறக்கும்போது வந்த பழுதும் அல்ல அது. வெளியிட்டபோதே உள்ளே போய்விட்டது. மூன்று கோப்புகளைத் திருத்தி, வரி முடிவுகளைச் சரிசெய்தால் வேலை முடியும்வரை ஓடும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2014இல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் ஊடாக எம்எஸ்-டொஸ் 1.25, 2.0 ஆகியவற்றின் மூலநிரல் முதன்முதலில் வெளிவந்தது. அப்போது உரிமம் இறுக்கமானது. 2018இல் அதே நிரலை மைக்ரோசொப்ட் கிட்ஹப்பில் எம்ஐடி உரிமத்தில் போட்டது. ஐபிஎம்மோடு சேர்ந்து உருவாக்கிய 4.00 பதிப்பு 2024 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்தது. பிரதி எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்; உரிம அறிவிப்புக் கோப்பை மட்டும் கூடவே வைத்திருக்க வேண்டும். பென் ட்ரைவில் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். மாற்றிய பிரதியை எம்எஸ்-டொஸ் என்ற பெயரில் வெளியே விடவேண்டாம், பெயருக்கான உரிமை இதில் வரவில்லை.

அதே கிட்ஹப் களஞ்சியத்தில் 4.0 என்ற எண்ணுடனும் ஓஸி என்ற பெயருடனும் இன்னொரு கோப்புறை இருக்கும். பலர் அதைத் திறந்து குழம்புகிறார்கள். அது ஒரே நேரத்தில் பல பணிகளைச் செய்யவென உருவாக்கப்பட்ட வேறொரு டொஸ்ஸின் சோதனைப் பதிப்பு, வட்டுப் படிமங்களும் (ஒரு வட்டு முழுவதையும் பிரதி எடுத்த கோப்புகள்) ஆவணங்களும்தான் அதில் உள்ளன. தொகுப்பதற்கு உங்களுக்கு வேண்டியது ஓஸி என்ற பெயர் இல்லாத 4.0 கோப்புறைக்குள் இருக்கும் மூலநிரல் கோப்புறை மட்டுமே.

இனி மாப்பருக்கு வருவோம்.

அந்தக் காலத்து நிரலாளர்கள் அசெம்ப்ளி (செயலிக்கு மிக நெருக்கமான நிரல் மொழி) கோப்புகளில் விளக்கக் குறிப்பு எழுதும்போது அழகுக்காகப் பெட்டி கட்டுவார்கள். கோடு, மூலை, குறுக்குக் கோடு எல்லாம் ஐபிஎம் கணினியின் 437ஆம் எழுத்துப் பக்கத்தில் தனித்தனி எழுத்துகளாக இருந்தன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு பைட். 4.00 நிரலைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது இந்தக் கோப்புகள் எங்கோ ஒரு படியில் இக்கால எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட் யுடிஎஃப்-8 ஆக மாற்றப்பட்டுவிட்டன. மாற்றிய கருவிக்கு 437ஆம் பக்கம் தெரியாது. தனக்கு விளங்காத ஒவ்வொரு பைட்டையும் எடுத்தெறிந்துவிட்டு, அந்த இடத்தில் "இது எனக்குத் தெரியாத எழுத்து" என்ற குறியைப் போட்டது. திரையில் அது கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும். அந்தக் குறி யுடிஎஃப்-8இல் மூன்று பைட். ஆக, எண்பது எழுத்து நீளத்துக் கோடு ஒன்று இருநூற்று நாற்பது பைட்டாக வீங்கிவிட்டது. அசெம்ப்ளி நிரலைத் தொகுக்கும் பழைய அசெம்ப்ளர் ஒரு வரியில் ஏற்கும் நீளத்துக்கு எல்லை உண்டு. வரி எல்லை தாண்டியதும் அது நின்றுவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியுமல்லவா? அதைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை. பைட் அப்படியே இருக்கிறது, எழுத்துருவைப் போட்டால் கடிதம் திரும்பி வந்துவிடும். இங்கே நடந்தது அதைவிட மோசம். பைட்டே போய்விட்டது. கோடு இருந்த இடமும் மூலை இருந்த இடமும் இப்போது ஒரே குறிதான், எது எதுவென்று கோப்பைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பழைய மூலநிரல் வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: அதை உரையாக நினைக்காதீர்கள், பைட்டாக நினையுங்கள். திறந்து பார்க்கலாம், பழக்கமில்லாத உரை திருத்தியில் (எடிட்டர்) திறந்து சேமிக்கக்கூடாது.

ஒரு சின்ன விசயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சில இடங்களில் அந்தக் கறுப்புச் சாய்சதுரங்களுக்கு நடுவே குறி போட்ட ஐரோப்பிய எழுத்து ஒன்று தனியாக நிற்கும். கிடைக்கோட்டின் பைட்டும் அதற்கு அடுத்த வலது மூலையின் பைட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, தற்செயலாக அவை இரண்டும் சேர்ந்து யுடிஎஃப்-8இல் செல்லுபடியான ஓர் எழுத்தாகிவிடுகின்றன. அதனால் மாற்றிய கருவி அந்த இணையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. எழுத்துக் குறியீட்டு முறை பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பழுதான கோப்புகள் மூன்று. மாப்பர் கோப்புறைக்குள் இருக்கும் கெட்மெசேஜ் அசெம்ப்ளி கோப்பு, செலெக்ட் கோப்புறைக்குள் இருக்கும் செலெக்ட்-2 அசெம்ப்ளி கோப்பு, அதே கோப்புறையில் யுஎஸ்ஏ என்ற பெயரில் இருக்கும் தகவல் கோப்பு. மாப்பர் தொடக்கத்திலேயே வருவதால் உங்களுக்கு முதலில் அது மாட்டியிருக்கிறது. அதை மட்டும் திருத்தினால் செலெக்டில் போய் மறுபடி நிற்பீர்கள், ஆகவே மூன்றையும் ஒரேயடியாகத் திருத்துங்கள்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் கோப்பைத் திறந்து, கறுப்புச் சாய்சதுரத்தை ஒருதரம் பிரதி எடுத்து, கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரு ஹாஷ் (#) குறியால் மாற்றுங்கள். நடுவில் நிற்கும் அந்த ஐரோப்பிய எழுத்துகளையும் அப்படியே ஹாஷ் ஆக்குங்கள். பிறகு குறியீட்டு முறைப் பட்டியலில் ஆன்சிக்கு மாற்றிச் சேமியுங்கள். யுடிஎஃப்-8 என்று விட்டுவிட்டால் சில அமைப்புகளில் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும், அசெம்ப்ளர் முதல் வரியிலேயே தடுக்கிவிழும். அசெம்ப்ளி கோப்புகளில் இந்த ஹாஷ் பெரும்பாலும் விளக்கக் குறிப்புகளுக்குள் வருவதால் நிரலின் வேலை மாறாது. யுஎஸ்ஏ கோப்பு அப்படியல்ல. அது நிறுவும் நிரல் திரையில் காட்டும் வாசகங்களைக் கொண்டது, எனவே உங்கள் நிறுவும் திரையில் சில இடங்களில் குறிக்குப் பதிலாக ஹாஷ் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது வரி முடிவு. டொஸ்ஸில் ஒரு வரி இரண்டு பைட்டால் முடியும், லினக்ஸ் உலகத்தில் ஒன்றால். சிப்பாக இறக்கும்போது உங்களுக்கு வருவது லினக்ஸ் முறை. பேட்ச் கோப்புகளும் (கட்டளைகளை வரிசையாக ஓடவிடும் கோப்புகள்) செய்திகளைக் கோர்க்கும் கருவிகளும் இதில்தான் தடுமாறும், பிழைச்செய்தியும் உண்மையான காரணத்தைச் சொல்லாது. பேட்ச், அசெம்ப்ளி, இன்குளூட், எஸ்கேஎல் என்ற நீட்சியுள்ள கோப்புகள் அனைத்தையும் டொஸ் முறைக்கு மாற்றுங்கள். லினக்ஸ் இருந்தால் யுனிக்ஸ்-டு-டொஸ் என்ற கருவி எல்லாவற்றையும் ஒரேதரத்தில் செய்யும். ஆனால் டூல்ஸ் கோப்புறையைத் தொடவேண்டாம். அங்கே இருப்பவை ஓடும் நிரல்களும் நூலகக் கோப்புகளும், ஒரு பைட் மாறினாலும் கெட்டுவிடும்.

அந்த டூல்ஸ் கோப்புறை இந்த வெளியீட்டின் பெரிய கொடை. 2020இல் வெளிவந்த, மைக்ரோசொப்டின் பழைய நிரல் மொழியான ஜிடபிள்யூ-பேசிக்கின் மூலநிரலோடு தொகுக்கும் கருவிகள் வரவில்லை. இங்கேயோ மக்ரோ அசெம்ப்ளர் 5.10, சி தொகுப்பி, தொகுத்த துண்டுகளை இணைக்கும் லிங்கர், எதையெதைத் தொகுக்கவேண்டும் என்று பார்த்து நடத்தும் என்மேக் எல்லாம் கூடவே இருக்கின்றன. புதிய அசெம்ப்ளரைத் தேடிப் போகாதீர்கள். இந்த நிரல் எந்தக் கருவியால் கட்டப்பட்டதோ அதனாலேயே கட்டவேண்டும். அவை 16 பிட் நிரல்கள் என்பதால்தான் உங்கள் 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் 32 பிட் விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி கிடந்தால் அதில் நேரடியாகவே ஓட வாய்ப்புண்டு. இல்லையென்றால் சாதாரண டொஸ்பொக்ஸை விட டொஸ்பொக்ஸ்-எக்ஸ் இந்த வேலைக்குத் தோதானது. வேகத்தை உச்சத்துக்கு வையுங்கள், வழக்கமான அமைப்பில் விட்டால் பாடவேளை போய்விடும்.

மூலநிரல் கோப்புறைக்குள் செட்-என்வ் என்ற பேட்ச் கோப்பு இருக்கும். அதில் பாக்ரூட் என்ற மாறி, மூலநிரல் எந்த இயக்கியில் இருக்கிறது என்பதைச் சொல்லும். டொஸ்பொக்ஸ்-எக்ஸில் நீங்கள் கோப்புறையை எந்த எழுத்தில் இணைத்தீர்களோ அதை அங்கே கொடுங்கள். பாதை குட்டையாக இருப்பது முக்கியம்: ஆவணங்கள், பதிவிறக்கம் என்று ஐந்தாறு கோப்புறை ஆழத்தில் வைக்காமல் ஓர் இயக்கியின் வேரிலேயே வையுங்கள். பிறகு ரன்மீ என்ற பேட்ச் கோப்பை ஓடவிட்டால் என்மேக் ஒவ்வொரு கோப்புறையாகப் போகும்.

கரண்ட் போவது எங்களுக்குப் புதிதல்ல, ஆகவே இதையும் கவனியுங்கள். மடிக்கணினி பற்றரியில் தப்பிவிடும். மேசைக் கணினியில் தொகுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பாதி எழுதிய ஒப்ஜெக்ட் கோப்பு (தொகுத்த, இன்னும் இணைக்காத துண்டு) ஒன்று மிஞ்சிவிடும். என்மேக் கோப்புக்குள் பார்ப்பதில்லை, நேரத்தை மட்டுமே பார்க்கும். ஒப்ஜெக்ட் கோப்பின் நேரம் மூலநிரலின் நேரத்துக்குப் பிந்தியது என்றால் "இது முடிந்த வேலை" என்று தாண்டிப் போய்விடும், பிறகு லிங்கர் விளங்காத பிழை காட்டும். கரண்ட் வந்ததும் கடைசியாக வேலை நடந்த கோப்புறையில் உள்ள ஒப்ஜெக்ட் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மூலநிரலோடு வந்த நூலகங்களை அழித்துவிடாதீர்கள்.

அதே காரணத்தால், தாய்ப்பலகைப் பற்றரி செத்த பழைய கணினியில் தொகுக்கவேண்டாம். ஒவ்வொரு முறை தொடக்கும்போதும் திகதி பழைய வருடத்துக்குப் போய்விட்டால், என்மேக்குக்கு எது புதிது எது பழையது என்று தெரியாமல் போகும். அந்த வட்டப் பற்றரி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும், முதலில் அதை மாற்றித் திகதியைச் சரிசெய்யுங்கள்.

தொகுத்து முடிந்ததும் சிபிவை என்ற பேட்ச் கோப்பு விளைவுகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும். இனி அதைத் தொடக்கும் வட்டாக மாற்றவேண்டும், இங்கேதான் பலர் மனம் தளர்கிறார்கள். சிஸ் என்ற கட்டளை இதற்கானதுதான், ஆனால் 4.00இன் சிஸ் 4.00க்குள் மட்டுமே ஓடும். வேறு டொஸ்ஸில் ஓடவிட்டால் பதிப்புப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். எனவே முதல் வட்டை வெளியிலிருந்து கட்டவேண்டும்.

பூட் கோப்புறையில் எம்எஸ்-பூட் என்ற பைனரி கோப்பு உருவாகியிருக்கும். வட்டின் தொடக்கும் பகுதி (பூட் செக்டர்) 512 பைட்தான், ஆனால் இந்தக் கோப்பு அதைவிடப் பெரிது. கணினியைத் தொடக்கும் உள்நிரலான பயோஸ் அந்தப் பகுதியை நினைவகத்தின் 31,744ஆவது பைட்டில் ஏற்றும், நிரலும் அதே முகவரிக்கு எழுதப்பட்டிருப்பதால் கோப்பின் முன்பகுதி முழுக்க வெற்றிடம். முதல் 31,744 பைட்டைத் தள்ளி, அடுத்த 512ஐ வெட்டியெடுங்கள். லினக்ஸின் டிடி கட்டளை இதைச் செய்யும். பிறகு எம்டூல்ஸ் தொகுதியில் உள்ள எம்ஃபார்மட் கட்டளையிடம் 1.44 மெகாபைட் வட்டுப் படிமம் ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, தொடக்கும் பகுதியாக நீங்கள் வெட்டிய துண்டைக் கொடுங்கள். வட்டின் அளவு விபரங்களை அது தானே நிரப்பிக்கொள்ளும்.

கோப்புகளைப் படிமத்துக்குள் போடும் ஒழுங்கு கட்டாயம். முதலில் ஐஓ-சிஸ், அடுத்தது எம்எஸ்டொஸ்-சிஸ். தொடக்கும் நிரல் அடைவின் முதல் இரண்டு இடங்களில் இவ்விரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கும், ஒழுங்கு மாறினால் தொடங்காது. அதன் பிறகு கொமாண்ட்-கொம், மீதியெல்லாம் எப்படியும் போகலாம். படிமத்தை, கணினியைப் போல நடிக்கும் இன்னொரு மென்பொருளான கியூஇமுவிலோ டொஸ்பொக்ஸ்-எக்ஸிலோ தொடக்கிப் பாருங்கள். அங்கே சரியென்றால் மட்டும் பிளொப்பிக்கு எழுதி உண்மையான கணினிக்குப் போங்கள். அதுவும் வன்வட்டைக் கழற்றிய கணினியாக இருக்கட்டும். பிள்ளைகள் ஆர்வத்தில் வன்வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளையை அழுத்திவிட்டால் பள்ளிக்கூடத்துக் கோப்புகள் போய்விடும்.

வகுப்புக்கு இன்னொன்று. மெசேஜஸ் கோப்புறையில் யுஎஸ்ஏ-எம்எஸ் என்ற செய்திக் கோப்பு இருக்கிறது. டொஸ் திரையில் பேசும் வாசகங்கள் எல்லாம் நிரலிலிருந்து பிரித்து அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, வேறு மொழிகளுக்கு மாற்ற வசதியாக. தவறான கட்டளை அடித்தால் வரும் வாசகத்தை அதில் தேடியெடுத்து, இலக்கத்தையும் விழுக்காட்டுக் குறிகளையும் தொடாமல், மேற்கோளுக்குள் இருக்கும் சொற்களை மட்டும் மாற்றுங்கள். தமிழ் எழுத்து அந்தத் திரைக்கு வராது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாம். மறுபடி என்மேக் ஓடினால் அது செய்திகளின் சுட்டிக் கோப்பைப் (இன்டெக்ஸ்) புதுப்பித்து, பாதிக்கப்பட்ட நிரல்களை மட்டும் திரும்பத் தொகுக்கும். புதிய படிமத்தைத் தொடக்கி, வேண்டுமென்றே ஒரு பிழைக் கட்டளை அடிக்கச் சொல்லுங்கள்.

4.00 மொத்தமாக வாசிப்பதற்கு மிகப் பெரியது. வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு 1.25ஐக் கொடுங்கள். டிம் பாற்றர்சன் சியாட்டில் கம்பியூட்டர் புரொடக்ட்ஸ் நிறுவனத்துக்காக எழுதிய முறைமையிலிருந்து வளர்ந்தது அது. ஒருசில அசெம்ப்ளி கோப்புகள்தான், ஒரு கோப்பு எப்படித் திறக்கப்படுகிறது என்பதை விரலால் தொட்டுப் பின்தொடரலாம். திருத்திய 4.00 கோப்புறையைச் சிப்பாக்கி ஒரு பிரதி தனியே வைத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப்பில் இருக்கும் பிரதியை வரலாற்றுப் பதிவாக மாற்றாமல் வைத்திருக்கப்போவதாக மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது, அடுத்த வருடம் இறக்கினாலும் பெரும்பாலும் அதே மூன்று கோப்புகளையும் திருத்தவேண்டி வரும்.